0.5 எக்ஸ் அழுத்தினால் மலை ஏன் குட்டியாகிறது?

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் எழுந்து, பைக்கை எடுத்து, வழியில் ஒரு டீயைக் குடித்துவிட்டு செஞ்சிக்குப் போய்ச் சேர்கிறீர்கள். வயல்வெளிக்கு அந்தப் பக்கம் ராஜகிரி. பாறை மேல் பாறையாக அடுக்கி, உச்சியில் கோட்டை. கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற உயரம். 'இது ஃபிரேமுக்குள்ள அடங்காதே' என்று மனசு சொல்கிறது. விரல் தானாகவே 0.5-க்குப் போகிறது. கிளிக்!

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினால், "எங்கடா மலை?" என்கிறார். நீங்கள் ஜூம் பண்ணிக் காட்ட வேண்டியிருக்கிறது. மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி வெறும் தரை, நடுவில் ஒரு கோடு மாதிரி ஏதோ இருக்கிறது. அந்தக் கோடுதான் ராஜகிரி.

உங்கள் போன் மேல் தப்பில்லை. கண்ணும் நன்றாகத்தான் பார்த்தது. அல்ட்ரா வைடு லென்ஸ் என்றால் 'நிறைய அடங்கும் லென்ஸ்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கேதான் சிக்கல். இது நிறைய அடக்குவதற்கான லென்ஸ் இல்லை. கிட்டத்தில் போவதற்கான லென்ஸ். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால், பாதி வேலை முடிந்தது.

மலை சுருங்குகிற கணக்கு

போனின் மெயின் கேமரா, அதாவது 1 எக்ஸ், பழைய ஃபிலிம் கேமரா கணக்கில் சுமார் 26 மி.மீ லென்ஸுக்குச் சமம். 0.5 எக்ஸ் என்பது சுமார் 13 மி.மீ. மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 120 டிகிரி வரை பார்க்கும். 2019-ல் வந்த ஐபோன் 11-ல் இருந்துதான் இந்த '0.5' என்கிற பட்டன் எல்லோருக்கும் பழகியது. அதற்கு முன்பே சில ஆண்ட்ராய்டு போன்களில் வைடு கேமரா இருந்தது.

இப்போது செஞ்சிக்குத் திரும்புவோம். ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். நீங்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி, போனைப் படுக்கை வாக்கில் பிடித்து நிற்கிறீர்கள் என்று வையுங்கள். 1 எக்ஸில் எடுத்தால் படத்தின் உயரத்தில் கால் பங்கு மலை இருக்கும். 0.5-க்கு மாற்றினால் எட்டில் ஒரு பங்காகிவிடும். உயரம் பாதி, அகலம் பாதி. ஆக, படத்தில் மலைக்குக் கிடைக்கிற இடம் நாலில் ஒரு பங்குதான். மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்? வானமும் தரையும்!

அதே இடத்தில் உங்கள் காலடியில் ஒரு அடி உயரக் கல் ஒன்று கிடக்கிறது. போனைக் கல்லின் உயரத்துக்கு இறக்கி, ரெண்டு அடி தள்ளிப் பிடித்து, 0.5-லேயே பாருங்கள். அந்தக் கல் படத்தின் உயரத்தில் கால் பங்கை எடுத்துக்கொள்ளும். அதாவது 240 மீட்டர் மலையைவிட ஒரு அடிக் கல் ரெண்டு மடங்கு பெரிசு!

இன்னொரு வேடிக்கை. போனை இன்னும் ரெண்டு அடி பின்னால் இழுங்கள். கல் பாதியாகச் சுருங்கிவிடும். மலை? ஒரு நூல்கூட மாறாது. ஒரு கிலோமீட்டருக்கு முன்னால் ரெண்டு அடி எம்மாத்திரம்?

வைடு லென்ஸில் கம்போஸ் செய்வதன் மொத்த ரகசியமும் இந்தக் கல்லில்தான் இருக்கிறது. தூரத்தில் இருப்பதை நீங்கள் மாற்ற முடியாது. கிட்டத்தில் இருப்பதை அரை அடி நகர்ந்தாலே தலைகீழாக மாற்றலாம். அதனால் 0.5-ஐ அழுத்தியதும் மலையைப் பார்க்காதீர்கள். காலுக்குக் கீழே பாருங்கள்.

முன்னால் எதை வைப்பது?

'ஃபோர்கிரவுண்டு வைக்கணும்'னு எல்லா யூடியூப் வீடியோவிலும் சொல்கிறார்கள். எதை வைப்பது என்பதுதான் கேள்வி. கையில் கிடைத்த ஏதோ ஒரு செடியை வைத்தால், படம் 'செடிக்குப் பின்னால் மலை' என்று ஆகிவிடும். அந்தச் செடிக்கும் மலைக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

இதற்கு நம்ம ஊரிலேயே பழைய ஒரு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் படித்த ஐந்திணை ஞாபகம் இருக்கிறதா? நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்கே உரிய மரம், பூ, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே இருக்கிற மனிதரின் மனநிலை உரிப்பொருள். மார்க்குக்காக மனப்பாடம் செய்த விஷயம், போட்டோவுக்கு அப்படியே பொருந்துகிறது. தூரத்து மலையும் காலை வெளிச்சமும் முதற்பொருள். முன்னால் வைக்க வேண்டியது கருப்பொருள்.

கடற்கரை என்றால் மணலில் படர்ந்திருக்கும் அடும்புக்கொடி, ராவணன் மீசைப் புல், கரையேற்றிய படகின் மூக்கு, நண்டு வளை. வயல் என்றால் வரப்பு, மடை, அறுத்த தாள். தூத்துக்குடி பக்கத்துத் தேரிக்காடு என்றால் சிவப்பு மணலில் காற்று போட்ட வரிகள், விழுந்து கிடக்கும் பனையோலை. செஞ்சி என்றால் வேறென்ன, பாறைதான். முன்னால் ஒரு பாறை, தூரத்தில் பாறையாலேயே ஆன மலை. பார்க்கிறவருக்கு 'ஓ, இந்தக் கல்தான் அங்கே அவ்வளவு பெரிய மலையாகி நிற்கிறது' என்று தானாகவே புரியும்.

முன்னால் வைக்கிற பொருள் ஒன்றாக இருந்தால் போதும். அது எங்காவது கையைக் காட்ட வேண்டும். வரப்பு வளைந்து போய் மலையடியில் முடிகிறதா? நல்லது. படகின் மூக்கு சூரியனைப் பார்த்துத் திரும்பியிருக்கிறதா? இன்னும் நல்லது. கோடு படத்தின் கீழ் ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து, கண்ணைக் கூட்டிக்கொண்டு மலைவரை போக வேண்டும். வழியிலேயே படத்துக்கு வெளியே ஓடிவிடுகிற கோடு, பார்க்கிறவரின் கண்ணையும் வெளியே கூட்டிப் போய்விடும்.

உட்காரலாமா, நிற்கலாமா?

'வைடு என்றால் கீழே உட்காரணும்' என்பது பாதி உண்மைதான். உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் பொருள் பெரிதாக எழுகிறது. அதற்கும் மலைக்கும் நடுவில் இருக்கும் நிலம் மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடுகிறது.

நடுவில் இருப்பது வெறும் பொட்டல், பார்க்கிங், பிளாஸ்டிக் குப்பை என்றால் உட்காருங்கள். எல்லாம் கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். நடுவில் அழகான வளைவோடு ஒரு ஆறோ, பாத்தி பாத்தியாக நெல் வயலோ இருந்தால் உட்காரக் கூடாது. எழுந்து நின்று கையை உயர்த்துங்கள். பக்கத்தில் பாதுகாப்பான படிக்கட்டு இருந்தால் ரெண்டு படி ஏறுங்கள். மேலே போகப் போகத்தான் வயலின் கட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும்.

தண்ணீர் தேங்கிய இடம் கிடைத்தால் மட்டும் ஒரு வித்தை. போனைத் தலைகீழாகத் திருப்புங்கள். கேமரா கீழ்ப்பக்கம் வந்து, தண்ணீருக்கு ஒரு விரல் உயரத்தில் நிற்கும். மழை பெய்த மறுநாள் ரோட்டோரக் குட்டைகூட ஏரி மாதிரி மலையைப் பிரதிபலிக்கும். போனைக் குட்டைக்குள் போட்டுவிடாமல் ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!

போன் கொஞ்சம் சாய்ந்தாலும் கோபுரம் சாயும்

வைடு லென்ஸில் போனை மேல்நோக்கிச் சாய்த்தால், மரங்களும் கோபுரமும் பின்னால் விழுவது மாதிரி உச்சியில் நெருங்கும். கீழ்நோக்கிச் சாய்த்தால் எல்லாம் வெளிப்பக்கம் விரிந்து சாயும். 1 எக்ஸிலும் இது நடக்கும். 0.5-ல் ரொம்ப அதிகம். கட்டடம், தென்னை மரம், விளக்குக் கம்பம் என்று நேராக நிற்கிற எதுவும் படத்தில் இருந்தால், போனைச் சுவர் மாதிரி நேராகப் பிடியுங்கள்.

நேராகப் பிடித்தால் அடிவானம் சரியாக நடுவில் வந்துவிடுமே, படம் ரெண்டாகப் பிளந்த மாதிரி இருக்குமே? அதற்கு வழி: போனைச் செங்குத்தாக, நெட்டு வாக்கில் பிடித்து எடுங்கள். பிறகு தேவையில்லாத வானத்தை வெட்டிவிடுங்கள். மரமும் சாயாது, அடிவானமும் மேலே ஏறிவிடும். மேகம்தான் அழகு என்றால் தரையை வெட்டுங்கள். 0.5-ல் எடுக்கிற பல நல்ல படங்கள் நெட்டு வாக்கில் இருப்பதற்கு ரீல்ஸ் மட்டும் காரணமில்லை. காலடியிலிருந்து மலைவரை போகிற பாதைக்கு அதுதான் இடம் கொடுக்கிறது.

நேராக நிற்கிற எதுவும் இல்லாத இடத்தில், மணல் திட்டிலோ வெறும் மலைச்சரிவிலோ, இதே குறையை உங்களுக்குச் சாதகமாக மாற்றிக்கொள்ளலாம். போனைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, மலையைப் படத்தின் மேல் ஓரத்துக்கு அனுப்புங்கள். இந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும். மலை கொஞ்சம் உயரமாகும்; முன்னால் இருக்கும் மணல் வரிகளும் நீளும்.

கேமரா செட்டிங்ஸில் 'கிரிட்' கோடுகளை இப்போதே ஆன் செய்துவிடுங்கள். அடிவானம் ஒரு பக்கம் இறங்கினால், கடல் வழிந்து கொட்டுவது மாதிரி இருக்கும்.

ஓரத்தில் நண்பனை நிறுத்தாதீர்கள்

குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்றவருக்கு மட்டும் முகம் அகலமாகி, கை நீண்டு போனதைப் பார்த்திருப்பீர்கள். 'நான் குண்டா தெரியுறேன்' என்று அவர் டெலிட் பண்ணச் சொன்னதும் ஞாபகம் இருக்கலாம். பாவம், அவர் மேல் தப்பில்லை. 120 டிகிரிக் காட்சியைத் தட்டையான செவ்வகத்தில் விரிக்கும்போது ஓரங்கள் இழுபட்டே ஆக வேண்டும். மூலைக்குப் போகப் போக இழுப்பு கூடும். சில போன்களில் இதைச் சரிசெய்கிற லென்ஸ் கரெக்‌ஷன் வசதி உண்டு. ஆன் செய்து வைப்பது நல்லது, ஆனால் முழுசாகச் சரியாகாது.

மனிதர்கள் வேண்டும் என்றால் நடுப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள். கொஞ்சம் தூரமாகவே நிற்கட்டும். வரப்பில் நடந்து போகிற ஒருவர் விரல் நகம் அளவுக்குத் தெரிந்தாலே போதும். அந்த மலை எவ்வளவு பெரிசு என்று அவர் சொல்லிவிடுவார்.

கிளிக் செய்வதற்கு முன்னால் நாலு மூலையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். இந்த லென்ஸ் உங்கள் விரல் நுனி, கழற்றிப்போட்ட செருப்பு, தோளில் தொங்கும் பேக்கின் வார் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழலும் முன்னால் வந்து படுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் திரும்பி, வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரி நில்லுங்கள். மணல் வரியும் பாறை மடிப்பும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும்.

வெளிச்சம்: இங்கே 0.5 கொஞ்சம் வீக்

பெரும்பாலான போன்களில் அல்ட்ரா வைடு கேமராவின் சென்சார் மெயின் கேமராவைவிடச் சின்னது. பகலில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. சூரியன் வருவதற்கு முந்தைய அரையிருட்டில் படம் புள்ளி புள்ளியாகிவிடும். அந்த நேரத்தில் 1 எக்ஸே போதும். வெளிச்சம் வந்ததும் 0.5-க்குப் போங்கள்.

சூரியனையே படத்தில் வைக்கிறீர்களா? வானத்தில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளையாக வெளுத்துப்போன வானத்தை எந்த ஆப்பாலும் மீட்க முடியாது. கொஞ்சம் இருண்ட தரையை ஓரளவுக்கு மீட்கலாம். அதற்கு முன்னால் லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். வடை சாப்பிட்ட கைவிரல் ரேகை, எதிர்வெயிலில் படம் முழுக்கப் பனிமூட்டம் போட்டுவிடும்!

விலை குறைந்த போன்கள் பலவற்றில் 0.5 கேமராவுக்கு ஃபோகஸ் நகராது. ரொம்பக் கிட்டப் போனால் முன்னால் இருக்கும் கல் மங்கும். உங்கள் போன் எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு நியூஸ் பேப்பரை முக்கால் அடி, ஒரு அடி, ரெண்டு அடி தூரத்தில் வைத்து 0.5-ல் எடுங்கள். எந்தத் தூரத்திலிருந்து எழுத்து தெளிவாகிறதோ, அதுதான் உங்கள் போனின் எல்லை. அதைவிடக் கிட்டப் போகாதீர்கள்.

0.5 வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்கள்

மலை மட்டும்தான் ஹீரோ, முன்னால் எதுவுமே இல்லை என்றால் 0.5-ஐத் தொடாதீர்கள். கொளுக்குமலையில் நின்றுகொண்டு, பனிக்கு மேல் மலை மலையாக அடுக்கி நிற்கிற காட்சியை எடுக்க வேண்டும் என்றால் 2 எக்ஸோ 3 எக்ஸோதான் சரி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்குப் பின்னால் மலை எழுந்து நிற்பதைக் காட்டவும் அப்படியே. தள்ளி நின்று ஜூம் செய்தால்தான் ரெண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும்.

'ஆனா எனக்கு அகலமும் வேணும், மலையும் பெரிசா வேணும்' என்றால் பனோரமா இருக்கிறதே! போனை நெட்டு வாக்கில் பிடித்து, 1 எக்ஸில், மெதுவாகத் திரும்புங்கள். மலை சுருங்காமல் அகலம் கிடைக்கும்.

ஸ்க்ரீன் சொல்லும் பொய்

இதுவரை சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை. இதை மட்டும் மறக்காதீர்கள்.

0.5-ல் எல்லாமே பாதியாகத் தெரியும் என்று பார்த்தோம். அதாவது பத்து அடி தள்ளி வருகிற அலை, நீங்கள் பழகிய 1 எக்ஸ் ஸ்க்ரீனில் இருபது அடி தள்ளி இருக்கிற அலையின் அளவில்தான் தெரியும். பள்ளத்தாக்கின் விளிம்பும் அப்படித்தான், ரயிலும் அப்படித்தான், யானையும் அப்படித்தான். 'இன்னும் தூரமாத்தானே இருக்கு' என்று ஸ்க்ரீன் சொல்லும். அதை நம்பி ஒரு அடி எடுத்து வைக்கிறோம். இந்த லென்ஸோ 'இன்னும் கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ' என்று வேறு கேட்டுக்கொண்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்தால் ஆபத்து.

அதனால் சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். நகரும்போது ஸ்க்ரீனைப் பார்க்காதீர்கள். போனை இறக்கி, கண்ணால் பார்த்து நடந்து, நின்ற பிறகு தூக்குங்கள். பின்பக்கமாக நடக்கவே வேண்டாம். கடற்கரையிலோ அருவியிலோ குனிந்து எடுக்கும்போது, உங்கள் முதுகையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள ஒருவர் கூட இருக்கட்டும். ஈரப் பாறையில் ஏறாதீர்கள்.

தண்டவாளம் வைடு லென்ஸுக்கு அழகான கோடு என்பது உண்மைதான். ஆனால் தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-ன்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ரயில் வருகிற சத்தம் கேட்கும் என்று ஹெட்போன் மாட்டிய காதை நம்பாதீர்கள். கோடு வேண்டுமா? வரப்பு இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, கோட்டைப் படிக்கட்டு இருக்கிறது. இவற்றில் எதுவும் உங்கள் மேல் ஏறாது.

ஒரு இடம், அஞ்சு படம்

அடுத்த ஞாயிறு இதைச் செய்து பாருங்கள். செஞ்சிக்கே போகலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை அது. முடியாதவர்களுக்குப் பக்கத்து ஏரிக்கரை, ஊர்க் குளம், மொட்டைமாடி எதுவானாலும் சரி.

ஒரே இடத்தில் நின்று அஞ்சு படம். முதல் படம், நீங்கள் வழக்கமாக எடுக்கிற மாதிரி நின்ற இடத்திலிருந்து 0.5-ல். ரெண்டாவது, காலடியில் அந்த மண்ணுக்குரிய ஒரு பொருளைத் தேடி, அதிலிருந்து ரெண்டு அடியில். மூணாவது, அதே பொருள், பாதித் தூரத்தில். நாலாவது, கையை உயர்த்தி மேலிருந்து. அஞ்சாவது, 0.5-ஐ விட்டுவிட்டு 2 எக்ஸில் மலை மட்டும்.

ஃபில்டர் எதுவும் போடாமல் அஞ்சையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மலை அதே மலை, வெளிச்சம் அதே வெளிச்சம். மாறியது நீங்கள் நின்ற இடம் மட்டும்தான். விலை உயர்ந்த கேமரா வாங்கினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது. நாலு எட்டு நடந்தால் கிடைக்கும்.

அப்புறம் அம்மாவிடம் மறுபடி காட்டுங்கள். இந்த முறை ஜூம் பண்ண வேண்டியிருக்காது. "இந்தப் பாறைகிட்ட உக்காந்தா எடுத்த? பேன்ட்டெல்லாம் மண்ணாயிருக்குமே!" என்று கேட்டால், படம் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.